நிலைக்கால்

பெரிய வியாழன்.
பகல் மூன்றுக்கே
கோலாக் இறைச்சித் தொழிற்சாலையின் சங்கிலி
நின்றுவிட்டது.
இன்றைக்கு நாலாயிரத்து இருநூறு.
எண்ணிக்கையை எழுதுவது நான்.

ஏப்ரல் இங்கே இலை உதிரும் காலம்.
வசந்தத்தில் பிறந்தவை
இப்போது கிட்டத்தட்ட மோசே கேட்ட வயது.
பல்லைப் பார்த்துச் சொல்வோம்:
பால்பல் விழுந்து பெரிய பல் எழும்பிவிட்டால்
அது குட்டி இல்லை,
விலை இறங்கிவிடும்.

ஒரு வயது. ஆண். மறு இல்லாதது.
புத்தகத்தில் அது அரை வரி.
இங்கே அந்த அரை வரிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு
பிரெண்டன் நிற்கிறார்.
ஈரலைத் திருப்புவார், கழலையை அமுக்குவார்,
ஊதா முத்திரை.
சீழ் கண்டால்,
எப்போதோ முறிந்து தானே ஒட்டிய விலா கண்டால்,
நீலத் தொட்டி.
என் இடது தோளுக்குள்
இன்னும் ஒரு துண்டு இரும்பு கிடக்கிறது.
வேலைக்கு வந்த முதல் கிழமையே
நான் எந்தத் தொட்டி என்று தெரிந்துவிட்டது.

கத்தி பிடிப்பது மூன்று பேர்.
அதில் ஒருவன் முர்தஸா, ஜாகோரி ஊரான்.
ஒவ்வொரு கழுத்துக்கும் இறைவன் பெயர் சொல்ல வேண்டும்,
அவன் பங்குக்கு ஆயிரத்து நானூறு தடவை.
பின்னேரம் தொண்டை கட்டிப்போய்
என்னிடம் இஞ்சி கேட்டு வருவான்.
களைப்பில் சொல்லாமல் விட்டதுண்டா, கேட்டேன்.
"பெயர் சொல்லாவிட்டால் அது வெறும் கொலை, அக்கா."
கொஞ்சம் பொறுத்து,
"உங்கள் ஆட்டுக்கு யார் சொன்னது?"

இஞ்சியை நசுக்கிக்கொண்டிருந்தேன்.
எங்கள் விசுவாசப் பிரமாணத்தில்
தாயின் பெயரை விட்டால்
கைகழுவிய ஆளுநனின் பெயர்தான் இருக்கிறது.

வாய் திறவாத செம்மறி என்று
நாளைக்கு வாசிப்பார்கள்.
இரவு முழுக்கப் பட்டியில் கத்துவதை
அவர்கள் கேட்டதில்லை.
ஒடுங்கிய பாதையில் ஏறிய பிறகுதான் அடங்கும்,
முன்னே போவதின் முதுகு மட்டும் தெரிவதால்.
அந்த நடை எனக்குத் தெரியும்.
தண்ணீர் இடுப்பளவு,
முன்னால் சவிரியானின் முதுகு,
முதுகில் ஒரு பை.

ஏழு மணிப் பூசைக்கு முதல் வாசகம் என்னுடையது.
நகத்தடியில் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன்.
குட்டியின் இரத்தத்தைத் தொட்டு
இரண்டு நிலைக்கால்களிலும்
என்ற இடத்தில்
நின்றுவிட்டேன்.

ஒன்பதாம் ஆண்டு, இதே சித்திரை.
தார்ப்பாய். நாலு தடி.
கூறைச் சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டை.
எங்களிடம் இரத்தம் இருந்தது.
நிலைக்கால் இருக்கவில்லை.

பாதர் தொண்டையைச் செருமினார்.
மேல்சட்டத்தையும் வாசித்து
கடந்துபோனவரையும் வாசித்து
இது ஆண்டவரின் அருள்வாக்கு
என்று முடித்தேன்.
இறைவனுக்கு நன்றி, என்றது கோயில்.

பிறகு பன்னிரண்டு பேரின் பாதம் கழுவினார்கள்.
வங்கி மேலாளர் புதுக் காலுறை போட்டு வந்திருந்தார்.

அப்பம் பிட்கும் நேரம்
செம்மறியை மூன்று தரம் கூப்பிட வேண்டும்.
எல்லோரும் கூப்பிட்டார்கள்.
நான் அந்த இடத்தில்
எட்ரியன்
என்றேன்.
ஒரு வயது. ஆண்.
தலை முதல் கால்வரை
ஒரு மறு கிடையாது.

பக்கத்தில் நின்ற மோரின்
எனக்குப் பக்கம் தவறிவிட்டதென்று
தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி,
சரியான வரியின் கீழ்
விரலை வைத்துக் காட்டினாள்.